தள்ளு பிரேக்

பிரேக்கே வேண்டாம் என்றுதான் ஜெயப்பிரகாஷ் முதலில் சொன்னான். ஏரிகளில் மீன் குத்தகை எடுப்பவன். நெய்வேலி டவுன்ஷிப் குவாட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன். அவன் அப்பா தெற்குச் சீமையிலிருந்து வேலைக்கு வந்து, சுரங்கத்தில் பெர்மனென்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று ஏரிக்கு ஒரே ஒரு ஃபைபர் படகை வைத்துக்கொண்டு, அதை லாரியில் ஏற்றி இறக்கியே ஆட்களுக்கு இடுப்பொடிந்து போனதால், படகுக்கென்று ஒரு டிரைலர் செய்துவிடலாம் என்று கொளஞ்சியப்பனின் வெல்டிங் பட்டறைக்கு வந்து சேர்ந்தான்.

"ஊர்ல ஓடுற டிராக்டர் டிப்பருக்கெல்லாம் பிரேக்கா இருக்கு? முன்னால போற வண்டியில இருக்குல்ல, அது போதும்ணே" என்றான்.

கொளஞ்சியப்பன் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, படகு, எஞ்சினு, வலை, ஐஸ் பொட்டி எல்லாம் சேத்தா ஒண்ணரை டன்னு தாண்டும். உன் பிக்கப்பு அத இழுக்கும். இல்லேன்னு சொல்லல. நிறுத்துமான்னு யோசிச்சியா?"

"மெதுவா போனா நின்னுடும்ணே."

"நீ மெதுவா போவ. எதுருல வர்றவன் மெதுவா வருவானா?"

பட்டறை வாசலில் நின்றிருந்த அன்புச்செல்வன் சிரித்தான். கொளஞ்சியப்பனின் ஒரே மகன். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. இரண்டாவது ஷிப்ட் என்றால் காலையில் சும்மா இருக்கமாட்டான், ஜெயப்பிரகாஷின் பிக்கப்பை ஓட்டுவான்.

"வுடுங்க சார். எங்கப்பா சைக்கிளுக்கே மூணாவதா ஒரு பிரேக்கு மாட்டற ஆளு. அவருகிட்ட போயி பிரேக்கு வேணாம்னா கேப்பாரா?"

வேண்டும் என்று முடிவான பிறகு எந்த பிரேக் என்று ஒரு வாரம் ஓடியது. அப்பனும் மகனும் சாப்பிடும்போதுகூட அதே பேச்சு. ஆயில் பிரேக் போடலாம், நன்றாகப் பிடிக்கும். ஆனால் படகை இறக்கும்போது சக்கரம் தண்ணீரில் முங்கும். ஏரிச் சேறு உள்ளே போனால் நாலு மாதத்தில் சிலிண்டர் ஒட்டிக்கொள்ளும். கரண்ட் பிரேக் இருக்கிறது என்று அன்பு போனில் காட்டினான். "தண்ணியில முங்கற சாமானுக்கு ஒயரு எதுக்குடா" என்று கொளஞ்சியப்பன் அதைத் தள்ளிவிட்டார். கடைசியில் அவர் மனசு நின்றது தள்ளு பிரேக்கில். அதற்குப் பெயர் வேறு ஏதோ இருக்கிறது, அவர் வைத்த பெயர் இது.

முன்னால் போகும் வண்டி பிரேக் பிடித்தால், பின்னால் வரும் டிரைலர் தன் கனத்திலேயே அதைத் தள்ளும் அல்லவா? அந்தத் தள்ளலையே வேலை வாங்குவது. கொக்கிக்குப் பின்னால் ஒரு இரும்புத் தண்டு. தள்ளும்போது அது உள்ளே போகும். போனால் கேபிளை இழுக்கும். இழுத்தால் இரண்டு சக்கரத்திலும் பிரேக் கட்டை பிடிக்கும். ஆயிலும் இல்லை, கரண்டும் இல்லை. எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு பிடிக்கும். பழைய கார் ஒன்றின் பிரேக் டிரம்மைக் காயலான் கடையிலிருந்து தேடி எடுத்து வந்து, இரண்டு மாதம் உட்கார்ந்து செய்தார். சோதனைக்கு எடுத்துப் போனபோது, பின்னால் ஒன்றுமே கட்டாதது மாதிரி பிக்கப் நின்றது. அன்பு இறங்கி வந்து அப்பாவின் தோளில் தட்டினான். மகன் தோளில் தட்டியதில் கொளஞ்சியப்பனுக்கு வெட்கமே வந்துவிட்டது.

அதில் ஒரே ஒரு தொல்லை. படகை இறக்க வண்டியை ஏரிக்கரைச் சரிவில் பின்னால் எடுக்க வேண்டும். பின்னால் எடுத்தாலும் தண்டு உள்ளே போகும், பிரேக் பிடித்துக்கொள்ளும், வண்டி நகராது. அதற்காகத் தண்டுக்குப் பின்னால் ஒரு துளை போட்டு, அதில் செருக விரல் பருமனில் ஒரு போல்ட் செய்து, சிவப்பு பெயின்ட் அடித்துச் சங்கிலியில் தொங்கவிட்டார். பின்னால் எடுக்குமுன் போல்ட்டைச் செருக வேண்டும். செருகினால் தண்டு அசையாது. எடுத்து முடித்ததும் உருவிவிட வேண்டும். உருவாமல் ரோட்டில் ஏறினால் டிரைலருக்கு பிரேக்கே இல்லாத மாதிரிதான்.

இதற்கு அவர் ஒரு சட்டம் போட்டார். "போட்டவன்தான் எடுக்கணும். இன்னொருத்தன் அதத் தொடக் கூடாது. நீ எடுத்திருப்பன்னு நானும், நான் எடுத்திருப்பன்னு நீயும் நெனச்சா காரியம் கெட்டுடும். போட்டவன் கையே எடுக்கட்டும்."

அன்பு அந்தச் சட்டத்தை மீறியதே இல்லை. அப்பா போட்ட போல்ட்டை அவன் ஒருநாளும் தொட்டதில்லை.

டிரைலரைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார்கள். ஏரியில் முங்கி வந்த அன்றைக்கே நல்ல தண்ணீர் விட்டுச் சக்கரத்தின் உள்பக்கம் வரை கழுவ வேண்டும். கழுவினால் போதாது, ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டி, நாலைந்து தடவை பிரேக் பிடித்து, உள்ளே இருக்கும் ஈரத்தைச் சூட்டில் காயவைக்க வேண்டும். மாதம் ஒருதரம் டிரம்மைக் கழற்றித் துருவைத் தேய்த்து, பேரிங்குக்குப் புதுக் கிரீஸ் வைத்து, கேபிளை முறுக்கிச் சரிசெய்ய வேண்டும். பட்டறையை விட்டுக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் பத்தடி ஓட்டி பிரேக் பிடிக்கச் சொல்லி, தண்டு உள்ளே போகிறதா என்று கொளஞ்சியப்பன் குனிந்து பார்ப்பார். போனால்தான் "ம், போ" என்பார்.

"எம் பொண்டாட்டி பேரக்கூட எங்கப்பா இத்தன வாட்டி சொல்ல மாட்டாரு. பிரேக்கு பிரேக்குன்னு தூக்கத்துலகூட பேசறாரு" என்பான் அன்பு.

பொண்டாட்டி எழில்மதி முத்தாண்டிக்குப்பத்துப் பெண். பி.காம். படித்துவிட்டு, டவுன்ஷிப் மார்க்கெட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தவள். மாமியார் மாணிக்கம்மாளுக்கும் அவளுக்கும் ஒத்துப்போன மாதிரி அந்தத் தெருவில் யாருக்கும் ஒத்துப்போனதில்லை. மாணிக்கம்மாள் முந்திரிக் கொட்டகையில் கொட்டை உடைப்பவள். கொட்டை எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்துத் தோல் உரிந்து கிடக்கும். எரிச்சலில் அவளால் சோறு பிசைய முடியாத நாட்களில் எழில்மதிதான் பிசைந்து உருட்டிக் கையில் வைப்பாள். "நான் பெத்திருந்தாக்கூட இப்படி ஒண்ணு வாச்சிருக்காது" என்று மாணிக்கம்மாள் கொட்டகையில் பீற்றிக்கொள்வாள். இரண்டு வயதில் இசைப்பிரியா என்று ஒரு பேத்தி. அன்புக்கு பெர்மனென்ட் ஆகிவிட்டால் குவாட்டர்ஸ் கிடைக்கும், பிள்ளையை டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஆயுத பூசைக்கு முதல் நாள் டிரைலர் பட்டறைக்கு வந்தது. ஐப்பசி மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டு, ஊர் பூராவும் நிலக்கரித் தூள் கரைந்த கறுப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அன்பு ஷிப்ட் போயிருந்தான். டிரைலரை ஜெயப்பிரகாஷே படகோடு கொண்டுவந்து பின்பக்கமாகவே பட்டறைக் கொட்டகைக்குள் எடுத்து விட்டு, பிக்கப்பையும் அங்கேயே நிறுத்திவிட்டுப் போனான். போல்ட்டைச் செருகிக் கொடுத்தவர் கொளஞ்சியப்பன்.

மறுநாள் மத்தியானம் வரை உட்கார்ந்து டிரம்மைத் திறந்து, கட்டைகளைப் புதிதாக மாற்றி, கிரீஸ் வைத்து மூடினார். சாயங்காலம் பூசை. வெல்டிங் மிஷின், கிரைண்டர், ஸ்பானர், சுத்தியல் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். வாழைக்கன்று கட்டி, பொரி கடலை படைத்து, பூசணிக்காய் உடைத்தார். எல்லாவற்றையும் விட டிரைலருக்குத்தான் பெரிய மாலை. சாமந்தி மாலையை மூன்று சுற்றாகக் கொக்கியைச் சுற்றிக் கட்டி, அதன் மேல் எலுமிச்சம்பழமும் தொங்கவிட்டார். தண்டு, துளை, சிவப்பு போல்ட்டு எல்லாம் பூவுக்குள் மறைந்துவிட்டன.

பூசையில் வைத்த சாமானை, மறுநாள் காலை மறுபடி கற்பூரம் காட்டாமல் அவர் தொடமாட்டார், தொடவும் விடமாட்டார். ஒரு வருஷம் பூசை வைத்த பிறகு யாருக்கோ அவசரமென்று கேட் ஒன்றை அறுத்துக் கொடுக்கப் போய், கிரைண்டர் தகடு உடைந்து இடதுகைச் சுண்டுவிரல் நுனியைக் கொண்டுபோயிற்று. அதிலிருந்து அந்த விஷயத்தில் அவர் யார் பேச்சும் கேட்பதில்லை.

விடியற்காலை ஜெயப்பிரகாஷிடமிருந்து போன். கம்மாபுரத்துப் பக்கத்து ஏரி நிரம்பி வழிகிறது, வலையைத் தண்ணீர் இழுத்துப் போகுமுன் தூக்க வேண்டும், படகு உடனே வேண்டும். அன்பு பல் துலக்கியபடியே பட்டறைக்கு ஓடி வந்தான். நெற்றியில் எழில்மதி வைத்துவிட்ட குங்குமம். கொளஞ்சியப்பன் குளித்து, ஈர வேட்டியோடு கற்பூரம் தேடிக்கொண்டிருந்தார்.

"அப்பா, வண்டிய மாட்டிட்டன். இந்த மாலைய அவுத்துடவா?"

"பூச மாலடா. அத அவுக்காத. இன்னும் கற்பூரம் காட்டல. வண்டிய மட்டும் எடு, எதையும் தொடாத. பூவு வழியில தானா உதுந்தா உதுரட்டும்."

"பிரேக்கு பாக்கலியா?"

"நேத்து பூரா அதத்தான பாத்தன். புதுக் கட்ட. நல்லா புடிக்கும். நீ போ."

அன்று அவர் குனிந்து பார்க்கவில்லை. குனிந்திருந்தாலும் மாலைதான் தெரிந்திருக்கும். சக்கரத்தடியில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தார். அது நசுங்கியது. அன்பு கையாட்டிவிட்டுப் போனான்.

ஆறு மணிக்குக் கிளம்பியவன் ஆறு இருபத்தைந்துக்கு இல்லை. சுரங்கத்துத் தண்ணீர் போகும் வாய்க்கால் பாலத்தில் ஏறி இறங்கும் இடத்தில், இறக்கத்தின் அடியில் ஒரு லாரி நின்றிருக்கிறது. அன்பு பிரேக் பிடித்திருக்கிறான். பிக்கப் நிற்கப் பார்த்திருக்கிறது, நிற்கவில்லை. பின்னாலிருந்த ஒன்றரை டன் அதை ஈர ரோட்டில் தள்ளிக்கொண்டு போய் லாரியின் பின்பக்கத்தில் சொருகிவிட்டது. படகு கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு முன்னே வந்து, கேபின் மேல் ஏறிக் கிடந்தது. பால்காரர் நல்லசாமிதான் பார்த்துவிட்டு போன் செய்தார். கொளஞ்சியப்பன் அதே ஈர வேட்டியோடு ஓடினார்.

பதினாறாம் நாள் காரியம் முடிகிற வரைக்கும் அந்த வீட்டில் ஒரே ஒரு பேச்சுதான் இருந்தது: போன். அன்புவின் காதில் ஒயர் மாட்டியிருந்தது. கடைசிப் பேச்சு ஆறு பத்தொன்பதுக்கு ஆரம்பித்து நாலு நிமிஷம். எழில்மதியோடு. இதைச் சாவுக்கு வந்த யாரோ ஒரு சொந்தக்காரன் போனைத் தடவிப் பார்த்துச் சொன்னான். கேட்ட மாணிக்கம்மாளின் அழுகை சட்டென்று நின்றது.

"வண்டி ஓட்டறவன்கிட்ட நாலு நிமிஷம் இன்னாடி பேசின?"

எழில்மதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சண்ட போட்டியா? எதுனா கேட்டியா? இன்னா பேசினன்னு சொல்லேன்."

"ஒண்ணும் இல்லத்த."

"ஒண்ணும் இல்லாததுக்கு நாலு நிமிஷமா?"

அன்றிலிருந்து மாணிக்கம்மாள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அவள் வடித்த சோற்றைத் தின்னவில்லை. வருகிறவர்களிடமெல்லாம், அவள் காதில் விழ, "பேசியே எம் புள்ளய அனுப்பிட்டா" என்றாள். ஒப்பாரியிலும் அதை வைத்துப் பாடினாள். கெட்ட மனுஷி இல்லை. பெற்ற வயிறு எரிந்தது. எரிச்சலைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். எழில்மதி சுவர் ஓரமாக உட்கார்ந்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கல்லடி பட்டாலும் வலிக்கிறதென்று சொல்ல வேண்டாமா? சொல்லவில்லை. அந்த மௌனமே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஊருக்குத் தெரிந்தது.

கொளஞ்சியப்பன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

வண்டியை ஆய்வு செய்ய வந்தவர் டிரைலரின் பிரேக் ஒழுங்காக இருப்பதாக எழுதிவிட்டுப் போனார். ஜெயப்பிரகாஷ் அதைச் சொல்லவென்றே வீட்டுக்கு வந்தான். "அண்ணே, நீங்க மனசப் போட்டு உழப்பிக்காதீங்க. புதுக் கட்டை, கேபிள் எல்லாம் கரெக்ட்டா இருக்குன்னு சொல்லிட்டாங்க. உங்க வேலையில ஒரு குறையும் இல்ல" என்று கையைப் பிடித்துக்கொண்டான். நல்லவன்தான், ஆறுதல் சொல்ல வந்தான். கொளஞ்சியப்பன் கையை உருவிக்கொண்டு எழுந்து கொல்லைப் பக்கம் போனார்.

பதினெட்டாம் நாள் காலை எழில்மதியின் அண்ணன் நெடுமாறன் முத்தாண்டிக்குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோ பேசிக்கொண்டு வந்தான். அதிகம் பேசாத ஆள். வாசலிலேயே நின்று, "மாமா, தங்கச்சியக் கொஞ்ச நாளு அம்மா வூட்டுல வச்சிக்கறோம்" என்றான். எல்லோருக்கும் தெரியும், கொஞ்ச நாள் இல்லை. மதியச் சோற்றை முன்கூட்டியே வடித்து வைத்துவிட்டு, எழில்மதி ஒரு பையில் துணியை அடுக்கிக்கொண்டு வந்தாள். இடுப்பில் இசைப்பிரியா.

உள்ளே படுத்திருந்த மாணிக்கம்மாள் எழுந்து வந்து, பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ போ. உன்ன இருன்னு சொல்லல. புள்ளய வுட்டுட்டுப் போ."

"அத்த, பால்குடி மறக்காத புள்ள அத்த."

"நான் பாத்துப்பன். எம் புள்ளையோட புள்ள. உங்கிட்ட குடுத்தா இதையும் போன்ல பேசிகினே எங்கயாவது போட்டுட்டு வருவ."

"அத்த, இப்படியெல்லாம் பேசாதீங்க" என்று நெடுமாறன் உள்ளே காலை வைத்தான்.

"நீ வெளிய இருடா. ஒரு உசுரு போனது பத்தாதா உங்க வூட்டுக்கு?"

பிள்ளை பயந்து வீறிட்டது. ஒரு காலை ஆயா இழுக்க, அம்மா மார்போடு இறுக்க, நடுவில் கிடந்து அலறியது. அந்த அலறல்தான் கொளஞ்சியப்பனைக் கிளப்பியது. பதினெட்டு நாளாகத் தொண்டையில் கிடந்தது, அதற்கு மேல் கிடக்க முடியாமல் வெளியே வந்தது.

"மாணிக்கம், கைய எடு. அவ மேல ஒண்ணியும் இல்ல. நாந்தான்."

"நீங்க சும்மா இருங்க."

"நாந்தான்டி. போல்ட்டு உள்ளயே இருந்துச்சு."

மாணிக்கம்மாளுக்குப் புரியவில்லை. ஆனால் கை தளர்ந்துவிட்டது.

"இன்னா போல்ட்டு?"

"ரிவர்ஸ் எடுக்கப் போடற போல்ட்டு. அது இருந்தா பிரேக்கு புடிக்காது. பூசைக்கு மொத நாளு நாந்தான் போட்டன். நாந்தான் எடுக்கணும். எடுக்கல. அது மேலயே மாலையக் கட்டுனன். அவன் அவுக்கவான்னு கேட்டான். அவுக்காதடான்னு சொன்னன். பிரேக்கு பாக்கலியான்னும் கேட்டான். போடான்னுட்டன்."

"பிரேக்கு நல்லா இருக்குதுன்னு பாத்தவங்க எழுதியிருக்காங்களே."

"அவங்க வர்றதுக்கு முன்னாடி நான் எடுத்துட்டன்."

"எப்ப எடுத்தீங்க?"

"அன்னிக்கே. அவன கேபின்லேந்து வெளிய எடுத்துகினு இருந்தாங்க. எல்லாரும் அந்தப் பக்கம் இருந்தாங்க. எனக்கு மாலதான் கண்ணுல பட்டுச்சு. வெலக்கிப் பாத்தன். இருந்துச்சு. சங்கிலியோட அறுத்து மடியில செருவிகினு வந்துட்டன். ஏன் செஞ்சன்னு தெரியல மாணிக்கம். கை செஞ்சிடுச்சு."

அனல் நிலையத்துச் சங்கு ஊதியது, ஷிப்ட் மாறும் நேரம். மாணிக்கம்மாள் புருஷனின் பக்கத்தில் போய் நின்றாள். அடிப்பாள் என்றுதான் அவர் நினைத்தார். அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தார்.

"பதினெட்டு நாளு" என்றாள். முப்பது வருஷமாக "ங்க" போட்டுப் பேசியவள் அதை விட்டுவிட்டாள். "நான் இவள இன்னா பேச்சு பேசினன். மாரடிச்சிகினு இவ பேரச் சொல்லித் திட்டுனன். பக்கத்துல உக்காந்து கேட்டுகினு இருந்தியே. போல்ட்டு மறந்தது மறதி. இது இன்னா?"

மகன் போன துக்கத்தில், தன்னால் போனான் என்று பெண்டாட்டி தன்னைப் பார்க்கிற பார்வையைத் தாங்க முடியாது என்று பயந்தார். அந்தப் பயத்துக்கு மருமகளைக் காவு கொடுத்தார். அதை எந்த வாயால் சொல்வது?

மாணிக்கம்மாள் எழில்மதியிடம் திரும்பினாள். குரல் உடைந்திருந்தது.

"நீ ஏண்டி வாயத் தொறக்கல? நான் அந்தக் கேள்வி கேட்டனே. இன்னாதான் பேசினான் அவன்?"

எழில்மதி பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே நின்றாள். பிள்ளையின் விம்மல் அடங்கியது. பிறகு மாமியாரைப் பார்க்காமல், மாமனாரையும் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"அவருதான் போன் பண்ணாரு அத்த. மெதுவாத்தான் போயிகினு இருக்கன், வர லேட்டாவும், ஷிப்ட்டுக்கு டிபன் பாக்ஸ கட்டி ரெடியா வையின்னாரு. ஏன் மெதுவான்னன். பின்னாலேந்து வண்டியத் தள்ளுது, பிரேக்கு புடிக்கல போலருக்குன்னாரு. நிறுத்திட்டு எறங்கிப் பாருங்கன்னன். மாமாகிட்ட போனக் குடுக்கவான்னும் கேட்டன்."

கொளஞ்சியப்பன் நிமிர்ந்தார்.

"வேணாம்னாரு. அப்பாகிட்ட சொல்லாத, நேத்து பூரா உக்காந்து செஞ்சிருக்காரு, பூச நாளு, கேட்டா மனசு ஒடிஞ்சிடுவாருன்னாரு. பாலம் தாண்டி ஒரு எடத்துல ஓரங்கட்டிப் பாக்கறன், வந்து நானே பக்குவமா சொல்லிக்கறன், நீ வாயத் தொறந்துடாதன்னாரு. சரின்னன். அப்பறம் சத்தந்தான் கேட்டுச்சு."

"அப்ப உனக்கும் தெரியும்" என்றாள் மாணிக்கம்மாள். கேள்வியாகக் கேட்கவில்லை.

"பிரேக்கு புடிக்கலன்னு தெரியும். போல்ட்டு கதை தெரியாது. அவரு கடசியா எங்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான் அத்த. மாமாகிட்ட சொல்லாதன்னு. அத எப்படி நான் மீறுவன்?"

மாணிக்கம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கறுத்து உரிந்த அந்த விரல்களால் மருமகளின் பாதத்தைத் தொட வந்தாள். எழில்மதி பதறிக் குனிந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டு அழுதார்கள். அது வரையிலான பதினெட்டு நாளில் அவர்கள் ஒன்றாக அழவே இல்லை. நெடுமாறன் வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

கொளஞ்சியப்பன் பக்கம் யாரும் வரவில்லை. வர வேண்டும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை. மகன் தன் மனசு ஒடியக் கூடாது என்று நினைத்துச் செத்திருக்கிறான். மருமகள் அதற்காகவே ஊர் வசவையெல்லாம் வாங்கியிருக்கிறாள். அந்த மனசைக் காப்பாற்றத்தான் தானும் வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்பது நெஞ்சில் ஏற, உள்ளே ஏதோ முறிந்தது. "அன்பு" என்று ஒருதரம் கூப்பிட்டார்.

ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான்.

எழில்மதி எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள். இரு என்று மாணிக்கம்மாள் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு புடவையை உருட்டி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்து, பேத்தியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நானும் வரன் இவகூட. அங்க கொஞ்ச நாளு இருக்கன்" என்றாள், யாரிடம் என்றில்லாமல். புருஷனைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். தாண்டிப் போனாள். புடவைத் தலைப்புகூட அவர் மேல் படவில்லை.

அவர் வாசல் வரை வந்தார். போகாதீங்க என்று சொல்ல வாய் வந்தது. சொல்லத் தனக்கு என்ன இருக்கிறது என்று நின்றுவிட்டார். மூன்று பேரும் ஆட்டோவில் ஏறினார்கள். நெடுமாறன் முன்னால் உட்கார்ந்தான். மழை தூற ஆரம்பித்திருந்தது. எழில்மதி பக்கவாட்டுத் திரையை இறக்கிவிடப் போனவள், அதை விலக்கிக்கொண்டு அவரைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

"சோறு வடிச்சி வச்சிருக்கன் மாமா. கொழம்பு அடுப்பு மேலயே இருக்குது. ஆறிப்போறதுக்குள்ள சாப்புடுங்க."

"சரிம்மா" என்றார்.